பாய்ஸ் ஸ்டேட், கேர்ள்ஸ் ஸ்டேட்: தமிழ்ப் பள்ளி வாசலில் கேட்கப்படும் கேள்விகள்

இங்கே அமெரிக்காவில் ஜனவரி பிறந்தால் போதும், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது பதினோராம் வகுப்புப் பெற்றோர் யாராவது வந்து பேச்சை ஆரம்பித்துவிடுவார்கள். "உங்க பையன் ஏதோ கவர்ன்மென்ட் கேம்ப் போனானாமே?" என் மகன் இரண்டு கோடைக்கு முன், அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் ராணுவத்தினர் சங்கம் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் பாய்ஸ் ஸ்டேட் முகாமுக்குப் போய் வந்தான். பக்கத்துத் தெரு அக்காவின் மகள் போன ஜூனில் கேர்ள்ஸ் ஸ்டேட் போனாள். என் தகுதி அவ்வளவுதான். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை எழுதி வைத்தால் எனக்கும் தொண்டை மிச்சம்.

முதலில் இது என்ன? வகுப்பா, கேம்ப்பா?

கேம்ப்தான், ஆனால் கூடாரம் கிடையாது. ஒரு கல்லூரி வளாகத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் தங்கி, மாணவர்களே ஒரு கற்பனை மாநிலத்தை உருவாக்கி ஆட்சி செய்வார்கள். போய் இறங்கியதும் ஒரு டி-ஷர்ட்டும் கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும் தருவார்கள். எந்த ஊர், எந்தக் கட்சி என்று அந்த அட்டையில் இருக்கும். கட்சியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. பல மாநிலங்களில் கட்சிகளின் பெயர் பெடரலிஸ்ட், நேஷனலிஸ்ட். பெயர் மட்டும்தான் தருவார்கள். கொள்கை என்ன என்பதை அன்று இரவே உட்கார்ந்து பையன்கள்தான் எழுத வேண்டும்.

அப்புறம் தேர்தல் மேல் தேர்தல். முதலில் ஊர் மேயர், கவுன்சில். பிறகு கவுண்டி, அதாவது நம் ஊர் மாவட்டம் மாதிரி. அதன்பின் மாநிலச் சட்டமன்றம், அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர்), கடைசியில் ஆளுநர். பெரிய பதவிக்கு நிற்க முதலில் மனுவில் கையெழுத்து சேகரிக்க வேண்டும், பிறகு சொந்தக் கட்சிக்குள் ஒரு தேர்தலில் ஜெயிக்க வேண்டும், அதன் பிறகுதான் எதிர்க்கட்சிக்காரரோடு மோதல். ஜெயித்தவர்கள் மசோதா எழுதி, விவாதித்து, வாக்கெடுப்பு நடத்துவார்கள். டெக்சஸ் பையன்கள் ஆஸ்டினில் இருக்கும் நிஜச் சட்டமன்றக் கட்டடத்திலேயே உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள். வக்கீலாக விரும்புகிறவனுக்குத் தேர்வு வைத்து, தேறினால் மாதிரி நீதிமன்றத்தில் வாதாட விடுகிற மாநிலங்களும் உண்டு. இசைக்குழு, பத்திரிகை, மாலையில் விளையாட்டு எல்லாம் கூடவே நடக்கும்.

ஊரில் தாத்தா பாட்டியிடம் சொல்லும்போது ஒன்றை விளக்கிவிடுங்கள். இங்கே ஆளுநரை மக்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊர் முதலமைச்சர் செய்கிற வேலை அவருடையது. என் அம்மா போனில் கேட்டது இது: "கவர்னரா? ராஜ்பவன்ல இருப்பாரே, அவரையா பசங்க தேர்ந்தெடுக்கிறாங்க?"

யார் நடத்துகிறார்கள்? ராணுவத்தில் சேர்த்துவிட மாட்டார்களே?

அமெரிக்கன் லீஜன் என்பது முன்னாள் ராணுவத்தினரின் சங்கம். முதல் உலகப் போர் முடிந்து 1919-ல் தொடங்கியது. 1930-களில் இங்கே கம்யூனிஸ்ட் சார்புள்ள யங் பயனியர் முகாம்கள் நடந்துகொண்டிருந்தன. அதற்குப் போட்டியாக, ஜனநாயகத்தைச் சொல்லித்தர நாமும் ஒன்று நடத்தலாமே என்று இல்லினாய் லீஜன் உறுப்பினர்கள் ஹேய்ஸ் கென்னடி, ஹரால்ட் கார்ட் இருவரும் யோசித்தார்கள். 1935 ஜூனில் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள மாநிலப் பொருட்காட்சித் திடலில் முதல் முகாம் நடந்தது. லீஜனின் மகளிர் பிரிவான ஆக்ஸிலியரி 1937-ல் கேர்ள்ஸ் ஸ்டேட்டைத் தொடங்கியது. இன்று ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் நடக்கிறது. விஸ்கான்சினில் 'பேட்ஜர்', ஒகாயோவில் 'பக்கை', டெக்சஸ் பெண்களுக்கு 'புளூபானெட்' என்று பல மாநிலங்களில் செல்லப் பெயரும் உண்டு. இணையத்தில் தேடும்போது அந்தப் பெயரையும் போட்டுப் பாருங்கள்.

ராணுவ வாடை இருக்கிறதா என்றால், இருக்கிறது. காலையில் கொடியேற்றம், மாலையில் கொடியிறக்கம், வரிசையில் நடப்பது, சீருடையோடு வரும் பேச்சாளர்கள். முதல் இரண்டு நாள் என் மகனுக்கு என்.சி.சி. மாதிரி இருந்ததாம் (என்.சி.சி. என்ற சொல் என்னுடையது, அவனுக்கு அது என்னவென்றே தெரியாது). ஆனால் ஆள் சேர்ப்பு நோக்கம் இல்லை. எந்தப் படிவத்திலும் அப்படிக் கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டார்கள்.

யார் போகலாம்? நாங்கள் இன்னும் எச்-1பி வேலை விசாவில்தான்.

பொதுவாக 11-ஆம் வகுப்பு முடித்து 12-க்குப் போகும் கோடையில். அந்த ஒரு கோடையை விட்டால் மறு வாய்ப்பு இல்லை. அதனால்தான் ஜனவரியிலேயே கேளுங்கள் என்று நச்சரிக்கிறேன். குடியுரிமை விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. விண்ணப்பத்தில் தெளிவாக எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் வாட்ஸ்அப் குழுவில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். மதிப்பெண் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் பள்ளியில் ஏதாவது ஒரு வேலையை இழுத்துப் போட்டுச் செய்கிற பிள்ளையாக இருக்க வேண்டும்.

எப்படி விண்ணப்பிப்பது?

இரண்டு வழி. பள்ளி கவுன்சிலரிடம் (மாணவர்களுக்கு ஆலோசனை சொல்பவர், நம் ஊர் வார்டு கவுன்சிலர் இல்லை) கேட்பது ஒன்று. பல பள்ளிகளுக்கு லீஜனிடமிருந்து கடிதம் வரும். அது எத்தனை மாணவர் காதுக்குப் போகிறது என்பது கவுன்சிலரைப் பொறுத்தது. எங்களுக்கு அந்தக் கடிதம் வந்ததே தெரியவில்லை. ஆகவே இரண்டாவது வழி: உங்கள் ஊர் லீஜன் கிளையை நேராகப் போய்ப் பாருங்கள். 'போஸ்ட்' என்று சொல்வார்கள், எண்ணும் இருக்கும். வாசலில் கொடிக்கம்பம், சில இடங்களில் பழைய பீரங்கி. பத்து வருடமாக அந்தக் கட்டடத்தைக் கடந்து இந்தியக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தோம், ஒரு நாளும் உள்ளே நுழைந்ததில்லை.

நேர்காணல் ஒரு மடக்கு மேசையில். எதிரே மூன்று பெரியவர்கள், நடுவில் ஒரு தட்டில் டோனட். ஒருவர் கேட்டார்: "உன் செனட்டர் யார்?" மகன் வாஷிங்டனில் இருக்கும் இரண்டு பேர் பெயரையும் டக்கென்று சொன்னான். "அவர்கள் இல்லை தம்பி, நம் மாநில செனட்டில் உன் தொகுதிக்கு யார்?" என்றார் அவர். பையன் முழித்தான். நானும்தான், பின் நாற்காலியில். பதின்மூன்று வருடமாக அந்தத் தொகுதியில் வீட்டு வரி கட்டுகிறேன். தெரியாது என்று சொன்னதை அவர்கள் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. தேர்வானதாக இரண்டு வாரத்தில் தகவல் வந்தது. உங்கள் பிள்ளை போகுமுன் அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டு போகட்டும், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

செலவு எவ்வளவு?

பெரும்பாலும் அனுப்புகிற போஸ்ட்டோ ஊரில் உள்ள ரோட்டரி மாதிரி ஒரு சங்கமோ கட்டணத்தைக் கட்டிவிடும். சில மாநிலங்களில் குடும்பமும் ஒரு சிறு தொகை கட்ட வேண்டியிருக்கும். கொண்டுபோய் விட்டு அழைத்துவரும் பெட்ரோல் நம் கணக்கு.

இங்கே ஓர் எச்சரிக்கை. தடித்த காகிதம், தங்க நிற முத்திரை, "உங்கள் பிள்ளை தேசிய அளவிலான தலைமைப் பண்பு மாநாட்டுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறார்" என்று ஒரு கடிதம் வரும். உள்ளே நான்கு பக்கம் தள்ளிப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் டாலர். எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. மகன் ஏழாவது படிக்கும்போது. பூஜை அறையில் வைக்காத குறையாகக் கொண்டாடிவிட்டு அப்புறம்தான் விலையைப் பார்த்தோம். அதே கடிதம் அவன் வகுப்பில் இன்னும் பதினோரு பேருக்கு வந்திருந்தது. வாஷிங்டன் சுற்றிப் பார்க்க ஆசை என்றால் குடும்பத்தோடு போய்விட்டு வரலாம். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது.

டெக்சஸ் முகாம் பற்றிய ஆவணப்படம் பார்த்தோம். இந்த வயதிலேயே இவ்வளவு அரசியலா? பயமாக இருக்கிறது.

2020-ல் வந்த படத்தைச் சொல்கிறீர்கள். அதில் வருவது 2018 முகாம். அதற்கு முந்தைய ஆண்டு, 2017-ல், டெக்சஸ் பாய்ஸ் ஸ்டேட் சட்டமன்றம் அமெரிக்காவை விட்டே டெக்சஸ் பிரிந்துபோக வேண்டும் என்று தீர்மானம் போட்டு, அது செய்தியாகிவிட்டது. பதினேழு வயதுப் பையன்கள் ஆயிரம் பேரை ஒரு அரங்கில் அடைத்து மைக்கைக் கையில் கொடுத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. என் மகன் முகாமில் ஒரு நாள் முழுக்க விவாதித்த மசோதா, அன்னாசிப்பழம் போட்ட பீட்சாவைத் தடை செய்வது. மறுநாள் அதே ஆட்கள் கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்படுவது பற்றி ஒன்றரை மணி நேரம் ஒழுங்காகப் பேசினார்களாம். இரண்டும் உண்டு.

துப்பாக்கி, கருக்கலைப்பு, குடியேற்றம் என்று வீட்டில் நாம் வாயே திறக்காத விஷயங்கள் அங்கே மேடை ஏறும். உங்கள் பிள்ளையின் கருத்துக்கு நேர் எதிரான கருத்துள்ளவன்தான் அறைத் தோழனாக இருப்பான். என் மகனின் அறைத் தோழன் ஆயிரத்து ஐந்நூறு பேர் மட்டும் வாழும் ஊரிலிருந்து வந்த பண்ணைக் குடும்பத்துப் பையன், இந்தியர் ஒருவரோடு முதல் முறையாகப் பேசுகிறவன். முதல் நாள் இரவு இருவரும் இரண்டு மணி வரை சண்டை போட்டிருக்கிறார்கள். எதைப் பற்றி என்று எங்களிடம் இன்றுவரை சொல்லவில்லை. தீபாவளிக்கு அவனிடமிருந்து வாழ்த்து வருகிறது.

என் பையன் கூச்ச சுபாவம். அங்கே போய் என்ன செய்வான்?

என்னுடையவனும் அப்படித்தான். மேயர் தேர்தலுக்கு நின்றான், தோற்றான். கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அனுப்பலாமா வேண்டாமா என்று நான் முடிவு செய்வதாக இருந்தால் இதை வைத்துத்தான் செய்வேன்.

அவன் பெயரும் என் பெயரும் சேர்ந்தால் ஆங்கிலத்தில் இருபத்திரண்டு எழுத்து. வாக்குச்சீட்டில் ஒரு வரியில் அடங்கவில்லை. பேச்சுக்கு இரண்டு நிமிடம். அதில் முதல் இருபது வினாடி, தன் பெயரை எப்படி உச்சரிப்பது என்று ஐம்பது பேரைக் கோரஸாகச் சொல்ல வைத்தான். அது அவனாகவே யோசித்தது. பள்ளியில் ஆசிரியர் தப்பாகக் கூப்பிட்டாலும் திருத்தாமல் கையைத் தூக்குகிற பையன்! ஓட்டு எண்ணினால் இவனுக்கு 19, ஜெயித்தவனுக்கு 24, இன்னொருவனுக்கு 7. டெபாசிட் தப்பியது.

அன்று மாலையே ஜெயித்தவன் வந்து, "நீ ஊர்ச் செயலாளராக இருக்கிறாயா?" என்று கேட்டிருக்கிறான். மறுப்பதா ஏற்பதா என்று அரை மணி நேரம் ஓய்வறையில் போய் உட்கார்ந்திருந்தானாம். பிறகு ஏற்றுக்கொண்டு, கூட்டக் குறிப்பு எழுதி, தீர்மானம் வாசித்து, அடுத்த நான்கு நாள் அந்த ஊரை உண்மையில் ஓட்டியது இவன்தான் என்பது இவன் கட்சியின் வாதம். ஆளுநர் பதவிக்கு ஒருவன் கையெழுத்து வாங்க இவனையும் கூட அழைத்துப் போயிருக்கிறான். சாப்பாட்டு வரிசையில், கையில் தட்டோடு நிற்கிறவர்களிடம் போய், "உனக்கு இந்த மாநிலத்தில் என்ன பிரச்சினை?" என்று கேட்டுக் கேட்டு நூற்றுச் சொச்சம் கையெழுத்து.

பேச்சில் வெளுத்து வாங்குகிற பையன்களுக்கு இந்த முகாம் சுலபமாக இருக்கும். கூச்சக்காரர்களுக்கு முதல் இரண்டு நாள் கஷ்டம், சந்தேகமில்லை. ஆனால் ஆயிரம் பேரில் ஆளுநராகப் போவது ஒருவன். மீதி எல்லோருமே ஏதோ ஒரு தேர்தலில் தோற்றவர்கள் அல்லது தோற்றவனுக்கு ஓட்டுப் போட்டவர்கள். நம் பிள்ளைகளை ஸ்பெல்லிங் பீ என்ற ஆங்கில எழுத்துக்கூட்டும் போட்டியிலிருந்து எல்லாவற்றிலும் ஜெயிக்க மட்டுமே தயார் செய்கிறோம் இல்லையா, அதனால் சொல்கிறேன்.

1963-ல் ஆர்கன்சா பாய்ஸ் ஸ்டேட்டில் ஆளுநராக ஜெயித்தவர் மேக் மெக்லார்ட்டி. அதே முகாமில் அவருடைய பாலர் பள்ளித் தோழர் ஒருவர் செனட்டர் இடத்துக்குத் தேர்வாகி, வாஷிங்டனில் நடக்கும் பாய்ஸ் நேஷன் போனார். அந்த ஜூலை 24 அன்று வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் கூட்டத்தை முந்திக்கொண்டு போய் அதிபர் கென்னடியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தப் படம் பிரபலம்; கைகுலுக்கிய பதினாறு வயதுப் பையன் பில் கிளிண்டன். முப்பது ஆண்டு கழித்து அவர் அதிபரானபோது அவருடைய முதல் தலைமைச் செயலராக இருந்தவர் மெக்லார்ட்டி.

பாய்ஸ் நேஷனா? அது என்ன?

மாநில முகாமிலிருந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து ஜூலையில் வாஷிங்டனுக்கு அனுப்புவார்கள். அங்கே மாதிரி செனட். ஆண்களுக்கு 1946 முதல், பெண்களுக்கு 1947 முதல் நடக்கிறது.

பெண் பிள்ளையை ஒரு வாரம் தனியாக அனுப்பலாமா?

தாராளமாக. இரண்டும் தனித்தனி முகாம்கள், வெவ்வேறு அமைப்பு நடத்துவது. கேர்ள்ஸ் ஸ்டேட்டில் கண்காணிப்பு இன்னும் இறுக்கம். பக்கத்துத் தெருப் பெண் வந்து புலம்பியதே வேறு: ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகக்கூடத் துணை வேண்டும், உடை விதி நீளம், பாட்டு அதிகம், சட்டம் பேச நேரம் குறைவு. தம்பிமார்களுக்கு இருக்கும் சுதந்திரம் எங்களுக்கு ஏன் இல்லை என்று கடைசி நாள் கருத்துப் படிவத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தாளாம். அவள் சொன்னது நியாயம் என்றே எனக்கும் படுகிறது. ஆனாலும் போனதற்கு வருத்தமில்லை என்கிறாள். 1991 முதல் 1995 வரை டெக்சஸ் ஆளுநராக இருந்த ஆன் ரிச்சர்ட்ஸும் பள்ளிக் காலத்தில் கேர்ள்ஸ் ஸ்டேட் போனவர்தான்.

சாப்பாடு? நாங்கள் சைவம்.

கல்லூரி உணவகம். சீஸ் பீட்சா, பாஸ்தா, சாலட், பீன்ஸ். விண்ணப்பத்தில் சைவம் என்று எழுதுங்கள், ஒரு வாரம் உயிர் வாழலாம். முறுக்கு ஒரு டப்பா கொடுத்தனுப்பினோம். வாக்காளர்களுக்கு அதைக் கொடுத்தது பணப்பட்டுவாடாவில் சேருமா என்று எதிர்த் தரப்பு கேட்டிருக்கிறது. அதன் பிறகு தேர்தல் முடியும் வரை டப்பாவைத் திறக்கவில்லையாம்.

போன் வைத்துக்கொள்ளலாமா?

கூட்டங்களில் கூடாது. இரவு பேசலாம். இரண்டாம் நாளுக்கு மேல் அவனே பேச மாட்டான்.

கல்லூரி அட்மிஷனுக்கு உதவுமா?

இந்தக் கேள்வி எப்போதும் மூன்றாவதாக வரும், இன்று பின்னால் தள்ளிவிட்டேன். விண்ணப்பத்தில் எழுதலாம், பல கல்லூரிகளுக்குப் பெயர் தெரியும். சில மாநிலங்களில் கல்லூரி கிரெடிட்டும் உண்டு. இதை மட்டும் வைத்து எந்தக் கதவும் திறக்காது. சாம்சங் பெயரில் ஒரு உதவித்தொகை இருக்கிறது. முகாமுக்குப் போனவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம். ஆனால் போர்க்காலத்தில் பணியாற்றிய அமெரிக்க ராணுவத்தினரின் நேரடி வாரிசாக இருக்க வேண்டும், அதனால் நம்மில் பெரும்பாலோருக்குக் கிடைக்காது. இந்திய ராணுவத்தில் தாத்தா சுபேதாராக இருந்தது கணக்கில் வராது, கேட்டவர் உண்டு.

ஜூனில் ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டோமே?

முகாம் பெரும்பாலும் ஜூனில்தான். தேதியை மாற்ற மாட்டார்கள். பாதியில் வந்து சேரவும் முடியாது. டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள்; கல்யாணம் என்றால் கல்யாணத்துக்கே போங்கள்.

இடம் கிடைக்கவில்லை. வேறு என்ன இருக்கிறது?

ஒய்.எம்.சி.ஏ.வின் யூத் அண்ட் கவர்ன்மென்ட் 1936-ல் நியூயார்க்கில் தொடங்கியது. ஒரு வாரமாக இல்லாமல் பள்ளி ஆண்டு முழுக்க நடக்கும், கடைசியில் மாநிலத் தலைநகரில் சட்டமன்றம் கூட்டுவார்கள். கீழ் வகுப்பிலேயே சேரலாம், ஆணும் பெண்ணும் ஒன்றாக. உண்மையைச் சொன்னால், இரண்டில் ஒன்று என்றால் சில பிள்ளைகளுக்கு இதுதான் பொருந்தும். பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஸ்டூடன்ட் லீடர்ஸ் திட்டத்தில் கோடையில் எட்டு வாரம் உள்ளூர்த் தொண்டு நிறுவனத்தில் சம்பளத்துடன் வேலை, கூடவே வாஷிங்டன் பயணம், போட்டி கடுமை.

யாரும் சொல்லாத ஒன்று வாக்குச்சாவடி வேலை. கலிபோர்னியா, டெக்சஸ் போன்ற மாநிலங்களில் 16 வயதிலேயே தேர்தல் நாளன்று மாணவர்கள் சாவடியில் பணி செய்யலாம், படியும் கிடைக்கும். கலிபோர்னியாவில் கிரீன் கார்டு இருந்தாலும் போதும். விடியற்காலையில் போய், மேசை போட்டு, வரிசையை ஒழுங்குபடுத்தி, இரவு கணக்கை ஒப்படைத்துவிட்டு வர வேண்டும்.

என் மகள் ஒன்பதாவதுதான். இப்போதே ஏதாவது செய்யலாமா?

உங்கள் ஊர் நகர சபைக் கூட்டம் எந்தக் கிழமை என்று பாருங்கள். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பொதுமக்கள் பேசுவதற்கென்று நேரம் ஒதுக்கியிருப்பார்கள், பல ஊர்களில் ஆளுக்கு மூன்று நிமிடம். முகாம் முடிந்து வந்த செப்டம்பரில் என் மகன், பள்ளிக்கும் நூலகத்துக்கும் நடுவே பாதசாரிகள் கடக்கும் கோடு வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்துப் பேசினான். மேசையில் மூன்று நிற விளக்கு வைத்திருந்தார்கள்; மஞ்சள் எரிந்ததும் பயந்து வேகமாகப் பேசி, நாற்பது வினாடி மிச்சம் வைத்தே உட்கார்ந்துவிட்டான். கோடு இன்னும் போடவில்லை. ஆய்வு நடக்கிறது என்று அடுத்த ஜனவரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. இப்போது அவன் வெளியூரில் கல்லூரியில் இருப்பதால் அதைக் கேட்டுக்கொண்டிருப்பது நான்தான். இரண்டாவது செவ்வாய், மாலை ஏழு மணி. உங்கள் மகளை அழைத்து வாருங்கள், பக்கத்து நாற்காலி பெரும்பாலும் காலிதான்.